சைபருக்கும் நாலுக்கும் நடுவே

கிருஷ்ணகிரி பழையபேட்டையில்
மாடிப்படிக்கு அடியில் என் கம்ப்யூட்டர்.
கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி,
மாங்கூழ் டப்பாவுக்குச் சுற்றுத்தாள்,
எழுத்து எதுவானாலும்
என் விரல் வழியாகத்தான் வெளியே போகும்.

திம்மராயன் வர்க்கி போடுகிறவர்.
ராயக்கோட்டை ரோட்டில் ஒற்றை அடுப்பு,
பிடரியில் எப்போதும் மைதா.
ஆய்வகத்தில் காசு கட்டி வாங்கிய தாளை
நாலாய் மடித்துக் கொண்டுவந்தார்.
மாவுச்சத்து இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு,
கடைசிக்கு முந்தின வரியில்
டிரான்ஸ் கொழுப்பு, நூறு கிராமுக்கு 0.4.

"கவர்மெண்ட் போடச் சொல்லுது, போட்டுடு.
ஆனா சைபர்தான் முன்னாடியே வந்துடுச்சே பாப்பா,
அதோட நிறுத்திக்க."

நான் பாப்பா இல்லை. நாற்பத்தொன்று.
தினமும் காலை டீயோடு
அவருடைய வர்க்கியைத்தான் தின்கிறேன்.
தின்ற பிறகு மேலண்ணத்தில்
மெழுகு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும்,
வெந்நீருக்குத்தான் இறங்கும்.
அதற்கு ஒரு பெயரும் ஒரு எண்ணும் இருக்கலாமென்று
அன்றுதான் தோன்றியது.

"தாள்ல இருக்கறதப் போடறேன்ணா."
முனகிக்கொண்டே முன்பணம் வைத்தார்.

ஒன்பதாயிரம் ஸ்டிக்கர்.
கட்டைப் பிரித்தால்
புள்ளியைக் காணோம்.
பொடி எழுத்து நடுவே கடுகு மாதிரி இருந்ததை
மெஷின் விழுங்கியிருந்தது.
04 என்று நின்றது,
டவுன் பஸ் நம்பர் போல.

நாலு கிராம்!
செய்ததற்குப் பத்து மடங்கு பாவம்.
மறுபடி அடிக்க அவரிடமும் காசில்லை, என்னிடமும்.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
நான், அவர், அவர் மனைவி முனிரத்னம்மா,
மாவு பிசையும் ஒடியாப் பையன் பிகாஷ்.
ஆளுக்கொரு கறுப்பு மார்க்கர்.
முனிரத்னம்மாதான் கேட்டார்:
"நாலை அடிச்சு மறைக்கிறதா,
நடுவுல புள்ளி வைக்கிறதா?"

யாரும் பேசவில்லை.
ஃபேன் ஒரு ஸ்டிக்கரைத்
தரையோடு தள்ளிக்கொண்டு போனது.
அதே மை, அதே கை.

திம்மராயன் ஐந்தாறில் நாலை அடித்துப் பார்த்தார்.
கட்டியாய்க் கறுத்து
களவு நடந்த இடம் மாதிரி இருந்தது.
"புள்ளியே வை," என்றார்,
"மை மிச்சம்."

வாய்மையே வெல்லும் என்று
அரசாங்கக் காகிதத்தில் அடித்திருக்கும்.
எங்கள் கடையில் அது வென்றது
மார்க்கர் இருபத்தைந்து ரூபாய் என்பதால்.

தலையில் புள்ளி விழுந்தால்தான்
தமிழில் எழுத்து மெய்யாகும்.
எண்ணுக்குக் காலடியில் வைக்க வேண்டியிருக்கிறது.

பிகாஷுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.
அவன் வைத்த புள்ளிகள்தான் ஒழுங்காய் விழுந்தன.
இரண்டாயிரத்து முந்நூறில் என் கட்டைவிரல் மரத்தது.
பசித்தபோது உடைசல் வர்க்கியை
நாலு பேரும் பங்கு போட்டுத் தின்றோம்.
கிராம் கணக்கு யாரும் கேட்கவில்லை.

பதினொரு நாள் கழித்து
பாக்கிப் பணம் வாங்க நான் போயிருந்த நேரம்
உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தார்.
பெயர்ப்பட்டையில் ஜெயமாலதி.
கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் ஸ்கேல் எடுத்து
எழுத்தின் உயரம் அளந்தார். சரி.
உரிம எண், தேதி, சைவத்துக்குப் பச்சைப் புள்ளி. சரி.
அடுப்பின் வெக்கையில் நெற்றி வியர்க்க
ஒவ்வொரு வரியாய் விரல் வைத்து நகர்த்தி
அந்த வரிக்கு வந்தார்.

விரலைத் திருப்பிப் பார்த்தார்.
நுனியில் கடுகளவு கறுப்பு.
"என்னங்க இது?"

திம்மராயன் என்னைப் பார்த்தார்.
நான் பாக்கெட்டைப் பார்த்தேன்.
04.

"உங்க விரல்ல இருக்கறதுதாங்க மேடம்,
பாக்கெட்ல இருக்கணும்."